அபிநயாவுக்கு மூன்று இலக்கு

வெள்ளிமலை
11.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

கோகிலா எழுதுகிறேன். இங்கே அண்ணியும் அபியும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

வக்கீலைக் கேட்டு இந்த விலாசத்தை வாங்கினேன். ஆந்திரா ஜெயிலுக்குக் கடிதம் போடலாம், ஆனால் தமிழ் தெரிந்த யாராவது படித்துப் பார்த்த பிறகுதான் கைக்குக் கொடுப்பார்கள் என்றார். அதனால் கேஸைப் பற்றியும் உங்களை மரம் வெட்டக் கூட்டிப்போன மேஸ்திரியைப் பற்றியும் எதுவும் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இருந்த என்னை இந்த மாதம் மலைக்கே மாற்றிவிட்டார்கள். வெள்ளிமலையில் ரூம் எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்ச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் வேலைதான் இங்கேயும். நம்ம அபியும் என் பட்டியலில் வருகிறாள். போன புதன்கிழமை போய்ப் பார்த்தேன். நன்றாக வளர்ந்திருக்கிறாள். உன் நெற்றி அப்படியே. நான் போனபோது நடுத்தூண் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் எங்களுக்கு லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். அதில் பிள்ளைகள் கற்க வேண்டியதெல்லாம் ஆயிரக்கணக்கில் வரி வரியாக இருக்கிறது. தம்ளரைப் பிடித்துக் குடிப்பது, பேர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, இப்படி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலிருந்து மூன்று இலக்கு எடுக்க வேண்டும். எடுத்தால் அதற்குண்டான படிகளையும் அதுவே பிரித்துக் கொடுக்கும். 'பெற்றோர் விருப்பம்' என்று ஓர் இடம் விட்டிருக்கிறது. அண்ணியைக் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும், உங்க அண்ணனையே கேளு" என்றுவிட்டாள்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். அபி என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாய்?

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
கோகிலவாணி


19.8.2023

தங்கச்சி கோகிலாவுக்கு அண்ணன் கண்ணாயிரம் எழுதிக்கிறது. நான் சொகமா இருக்கேன். அங்க நீங்க எல்லாம் சொகமா இருக்கணும்னு நம்ம கரியராமன் சாமிய வேண்டிக்கினு இருக்கேன். உன் லெட்டரு முந்தாநேத்துதான் கைக்கு வந்துச்சு. எத்தினி வாட்டி படிச்சேன்னு கணக்கில்ல.

நீ மலைக்கே வந்துட்டது எனக்கு பாதி பாரம் கொறஞ்ச மாரி இருக்குது. இங்க நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேரு இருக்கோம். சோறு போடுறாங்க. காரம் ஜாஸ்தி. மத்தபடி ஒன்னும் கொறையில்ல.

அபிக்கு இன்னா கத்துக்குடுக்கணும்னு கேட்டிருக்க. அப்பான்னு ஒரு வாட்டி கூப்புட்டா போதும். அந்தப் பொட்டியில அது இருக்குதா பாரு. ஒம்போது வயசாவுது, இன்னும் ஒரு வார்த்த வர்ல.

அவ முன்ன மாரி ஓடுறாளா? வாசல்ல வுட்டா சாமக்காடு முட்டும் ஓடுவாளே. நான் பின்னாடியே ஓடுவேன். அத எழுது.

விஜயாவ ஒடம்ப பாத்துக்க சொல்லு.

உன் அண்ணன்
கண்ணாயிரம்


வெள்ளிமலை
2.9.2023

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் பார்த்து மனசு நிறைந்தது. அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். காதில் வாங்கிக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கே மழை பரவாயில்லை. சாமை தலை எடுத்திருக்கிறது.

அபிக்கு மூன்று இலக்கும் எடுத்துவிட்டேன். தம்ளரில் தானாகக் குடிப்பது ஒன்று. வெளிக்குப் போக வேண்டுமானால் கையைக் காட்டுவது ஒன்று. மூன்றாவது, நீ கேட்டதுதான். 'அப்பா' என்று அதில் தனியாக இல்லை. 'தெரிந்த ஒருவரை ஒலியால் அழைப்பாள்' என்று இருக்கிறது. முதல் படி, உதட்டைச் சேர்த்து 'ப' என்று ஊதுவது. அவள் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினால் சிரிக்கிறாள். ஊதத்தான் மாட்டேன் என்கிறாள். வரும், பார்க்கலாம்.

அண்ணி நூறுநாள் வேலைக்கும் போகிறாள், காட்டையும் பார்த்துக்கொள்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். வேறு விசேஷம் இல்லை. குளிருக்கு நல்ல போர்வை கொடுக்கிறார்களா என்று எழுது.

அன்புடன்,
கோகிலா


8.10.2023

அன்பு தங்கச்சிக்கு,

லெட்டர் கெடச்சுது. போர்வ குடுத்திருக்காங்க. சளி கொஞ்சம் புடிச்சு வுட்டுப் போச்சு. இங்க எனக்குத் தோட்ட வேல போட்டிருக்காங்க. கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்துறேன்.

நான் ஒன்னு கேட்டேன், நீ எழுதல. அபி ஓடுறாளான்னு கேட்டேன். தம்ளரு, கைகாட்டுறது, ஊதுறது எல்லாம் எழுதுன. அத மட்டும் வுட்டுட்ட. காலுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா? மறைக்காத.

விஜயா ஒரு வார்த்த சொல்லி அனுப்பலயே, ஏன்? என் மேல கோவமா?

கேஸப் பத்தி எழுத ஒன்னுமில்ல. நடந்துக்கினு இருக்குது.

பதிலுக்கு பாத்துக்கினு இருக்கும்
கண்ணாயிரம்


30.10.2023

கோகிலாவுக்கு,

நம்ம ஊரு சரத்குமார இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க. அவன் சொல்லிட்டான். விஜயா வேலைக்குப் போவச்சொல்ல புள்ளய நடுத்தூணுல பொடவையால கட்டிப் போட்டுட்டுப் போறாளாமே. காலையில கட்டுனா அவ திரும்பி வர்ற வரிக்கும் அப்படியே கெடக்குறாளாமே. ஊரே பாக்குதாமே.

நீ மொத லெட்டர்லயே எழுதுன, தூணு பக்கம் உக்காந்திருந்தான்னு. உக்காந்திருந்தாளா? கட்டியிருந்துச்சா?

இங்க கதவ சாத்தி பூட்டு போடுற சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கிறேன். நான் தப்பு செஞ்சேன், உள்ள இருக்கேன். அந்தப் புள்ள இன்னா செஞ்சுது? உடனே அவுத்து வுடச் சொல்லு. அவுத்து வுட்டுட்டு எனக்கு எழுது.

கண்ணாயிரம்


வெள்ளிமலை
14.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. கேட்டவரைக்கும் உண்மையாக எழுதிவிடுகிறேன்.

கட்டித்தான் இருந்தது. பழைய நூல் புடவை. இடுப்பில் ஒரு சுற்று, தூணில் ஒரு முடிச்சு. கைக்கெட்டும் இடத்தில் தண்ணீரும் களி உருண்டையும் வைத்திருந்தாள். பார்த்ததும் "இன்னா அண்ணி இது" என்று கத்தினேன். அப்போதுதான் வந்த அண்ணி தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருக்கிற உனக்கு இதை எப்படி எழுதுவது என்றுதான் விட்டேன்.

நீ போன பத்தாம் நாள் அபி ஓடை வரைக்கும் போய்விட்டாளாம். ஊரே தேடி, இடுப்பளவு தண்ணீரில் நின்றவளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது, உனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் புடவை.

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அதுதான் நியாயம்:

"அவுத்து வுடணுமாமா? அவுத்து வுட்டா ஆரு பின்னாடி ஓடுறது? நான் ஓடுனா ஒலைக்கு அரிசி ஆரு கொண்டாறது? ஒரு எழவுக்குப் போவல, ஒரு கல்யாணத்துக்குப் போவல. அந்தப் பொடவையோட இன்னொரு மொனை என் இடுப்புலதான் கீதுன்னு எழுது."

அன்றைக்கு ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். தேடுகிற இடத்தில் 'கட்டி வைத்தல்' என்று அடித்தேன். செருப்பு நாடாவைக் கட்டுவாள், பாவாடை நாடாவைக் கட்டுவாள் என்று வந்தது. 'அம்மா' என்று அடித்தேன். அம்மாவின் படத்தைத் தொட்டுக் காட்டுவாள் என்று வந்தது. அம்மா வேலைக்குப் போய்வர வேண்டும், அம்மா கொஞ்சம் கண்ணயர வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு வரியும் இல்லை. கடைசியில் 'பாதுகாப்பு' என்ற பகுதியில் ஒன்று கிடைத்தது. 'குறித்த எல்லைக்குள் நிற்பாள்.' ஊதுகிற இலக்கை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறேன். அப்பா என்று கூப்பிடுவது கொஞ்சம் பொறுக்கட்டும் அண்ணா, கோபித்துக்கொள்ளாதே.

வாசலைச் சுற்றிக் கல் அடுக்கினோம். அண்ணியே சுண்ணாம்பு அடித்தாள். கல்லருகே வந்ததும் நிற்க அபியைப் பழக்குகிறேன். வாரம் ஒருநாள் போதாது என்று சாயங்காலமும் ஜீப் பிடித்துப் போகிறேன்.

உன் தங்கை,
கோகிலா


வெள்ளிமலை
10.12.2023

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கடிதம் சேரவில்லையா, கோபமா, தெரியவில்லை. நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அபி கல்லிடம் நிற்கக் கற்றுக்கொண்டாள். ஐந்து தடவைக்கு நான்கு தடவை நின்றால் தேறியதாகப் போடலாம் என்பது கணக்கு. ஐந்துக்கு ஐந்தும் நின்றாள். நானும் 'தேறினாள்' என்று போட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்பார்வையாளர் போன் செய்து பாராட்டினார். அண்ணி அதை நம்பிப் புடவையைக் கட்டாமல் காட்டுக்குப் போனாள்.

அபி கல்லைத் தாண்டிப் போய் மலை ரோட்டு வளைவில் நின்றிருக்கிறாள். ஜீப்காரர் பிரேக் போட்டதில் வண்டி பக்கவாட்டில் போய் மண்மேட்டில் இடித்து நின்றது. அபிக்கு முழங்கால் சிராய்ப்பு மட்டும்தான். அவரே தூக்கிக்கொண்டு வந்து, அண்ணியை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவள் கல்லுக்காக நிற்கவில்லை. பக்கத்தில் நான் நின்றேன், அதனால் நின்றாள்.

அண்ணி மறுபடியும் கட்டிவிட்டாள். இரண்டு முடிச்சு. "உன் பொட்டியில தேறிட்டா, ரோட்டுல தேறல. இனிமே இந்தப் பக்கம் வராத கோகிலா" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

போன வாரம் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே அபி தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

கோகிலா


14.1.2024

அன்பு தங்கச்சி கோகிலாவுக்கு,

நாளைக்குப் பொங்கலு. நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும். உன் ரெண்டு லெட்டரும் ஒன்னாத்தான் வந்து சேந்துச்சு.

நான் எழுதுன அந்த லெட்டர கிழிச்சிப் போட்டுடு. அவுத்து வுடுன்னு இங்க உக்காந்துக்கினு சொல்ல எனக்கு வாயில்ல. பின்னாடி ஓட வேண்டிய ஆளு நானு. நான் அங்க இல்ல.

இன்னொன்னு சொல்லணும். எனக்கு ஆவணி மாசமே ஜாமீன் குடுத்துட்டாங்க. ஆனா குடும்பத்து ஆளு ஒருத்தரு ரேஷன் கார்டு, வூட்டுப் பட்டாவோட நேர்ல கோர்ட்டுக்கு வரணும். இந்த ஊரு ஆளு ஒருத்தர ஜாமீன் கையெழுத்துக்கு வக்கீலு புடிச்சுக் குடுப்பாரு. வூட்டாளு வந்தாத்தான் அதுவும். விஜயா வந்தா அபிய எங்க வுடறது? உன்ன வரச் சொல்லலாம். உனக்கு ஒப்பந்த வேல. இந்தக் கேஸ்ல உன் பேரு வந்து அத எடுத்துட்டாங்கன்னா? அதான் வக்கீலையும் சொல்ல வேணான்னுட்டேன்.

விஜயாகிட்ட சொல்றதும் வுடுறதும் உன் இஷ்டம். எனக்கு இத மனசுல வெச்சிக்கினு இருக்க முடியல.

உன் அண்ணன்
கண்ணாயிரம்


வெள்ளிமலை
29.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ இனிமேல் எங்களுக்காக எதையும் மூடி வைக்காதே. நானும் வைக்க மாட்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டாமல் வெளியிலிருந்தே சத்தமாகப் படித்தேன். ஜாமீன் என்கிற இடம் வந்ததும் கதவு திறந்தது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. "ஆவணியிலேர்ந்தா" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் களி கிண்டினாள். கிண்டிக்கொண்டே "பைத்தியக்கார மனுசன், பைத்தியக்கார மனுசன்" என்றாள். அபி அன்றைக்கு அவள் மடியிலேயே சாப்பிட்டாள்.

நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றேன். "அவரு எனக்குத்தான புருசன். நான் போறேன். இவள எங்க வுடறதுன்னு மட்டும் நீ சொல்லு" என்றாள்.

மறுபடியும் லேப்டாப். அபியின் பேருக்குப் பக்கத்தில் 'வீட்டுவழி' என்று ஒரு குறி உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அவளுக்கு ஆறு வயதாகும்போது போட்டது. அந்தக் குறி இருந்தால் வீட்டில் செய்கிற இலக்குகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் முழுதும் திறந்துகொண்டது. 'மற்ற பிள்ளைகளோடு பத்து நிமிடம் உட்காருவாள்.' 'மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பாள்.' இத்தனை மாதமாக இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. பக்கத்தில் ஆள் நின்றால் அவளும் நிற்பாள் என்றால், ஆள் இருக்கிற இடத்துக்கு அல்லவா அவளைக் கொண்டுபோக வேண்டும்? தனியாக நிற்கப் பழக்கியது என் பிசகு.

மேற்பார்வையாளரைக் கேட்டேன். பார்க்க மட்டும்தான் எடுக்கலாம், குறியை ஜூன் மாதம்தான் மாற்ற முடியும் என்றார். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்து ராஜாம்பாள் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "புள்ள வந்து உக்கார்றதுக்கு ஜூன் எதுக்கும்மா? நாளைக்குக் கூட்டிக்கினு வா" என்றார்.

அன்புடன்,
கோகிலா


20.2.2024

அபி அப்பாவுக்கு விஜயலட்சுமி சொல்லிக்கினு வர, கோகிலா எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீங்க சளி புடிச்சிக்காம இருங்க. உங்களுக்கு லெட்டரு போடலன்னு குத்தமா நெனச்சிக்காதீங்க. இன்னான்னு சொல்லி போடறது?

புள்ளய பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போனேன். மொத நாளு கத்துன கத்துல புள்ளைங்கல்லாம் காத மூடிக்கினு ஓடிச்சுங்க. ரெண்டாம் நாளும் அப்படித்தான். போதும், கட்டியே வெச்சிக்கிறேன்னு கெளம்பிட்டேன். டீச்சரம்மா வுடல. சத்துணவு ஆக்குற இசைவாணி பக்கத்துல ஒரு மொறத்துல பருப்பப் போட்டு உக்கார வெச்சாங்க. அத அளைஞ்சிக்கினு சும்மா இருந்துச்சு. இப்ப சாப்பாட்டு மணி வரிக்கும் இருக்குது. எழுந்து போனா நாலு புள்ளைங்க ஓடிப் போயி கைய புடிச்சி இட்டாருதுங்க. பேசல. இன்னும் ஒரு வார்த்த இல்ல.

பொய் சொல்ல மாட்டேன். வெறகுக்குப் போற நாளு இன்னும் கட்டிட்டுத்தான் போறேன். ஞாயித்துக்கெழமையும்.

போன திங்கக்கெழம டீச்சரம்மா, நீ இங்க எதுக்கு நின்னுக்கினு கீற, போம்மான்னாங்க. வெளிய வந்தேன். கையில ஒன்னுமில்ல, எங்க போறதுன்னு தெரியல. அப்படியே பஸ்ஸு நிக்கிற எடத்துல போயி உக்காந்துட்டேன். பஸ்ஸு வந்துச்சு. இது கள்ளக்குறிச்சி போவுதான்னு கேட்டேன். போவுதுன்னான். ஏறல. கேட்டு வெச்சிக்கினேன்.

வர்ற மாசம் மொத செவ்வாக்கெழம வர்றேன். ரெண்டு நாளு கோகிலா நம்ம வூட்டுலயே தங்கி புள்ளய பாத்துக்குது. வக்கீலுகிட்ட பேசியாச்சு. பட்டாவ எடுத்து பைக்குள்ள வெச்சிட்டேன். வரச்சொல்ல திட்டுனா கேட்டுக்கங்க. திட்டணும்னு நெறைய இருக்குது.

இப்படிக்கு
வி. விஜயலட்சுமி


18.3.2024

அன்பு தங்கச்சி கோகிலாவுக்கு,

அண்ணன் எழுதிக்கிறது. எல்லாரும் சொகந்தானா? புள்ளய பாத்துக்கினு வூட்டுல தங்கினியே, உனக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல.

விஜயா வந்துச்சு. மூணு பஸ்ஸு மாறி, தெலுங்கு போர்டு படிக்கத் தெரியாம, ஆளு ஆளா கேட்டுக்கினு வந்திருக்குது. கம்பிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நானு, ரெண்டு பக்கமும் ஒரே கூட்டம், கூச்சல். மொதல்ல ஆளு தெரியல எனக்கு. அப்படி எளச்சிருக்குது. நான் அழுதுட்டேன். அது அழுவல. "இன்னாத்துக்கு இப்ப, நேரம் கம்மியா கீது"ன்னு கத்துச்சு.

திட்டுவன்னு எழுதியிருந்துச்சே, திட்டல. புள்ள பருப்பு அளையிறதையும், இசைவாணி பொண்ணு அதுக்கு தல வாரி வுடறதையும் சொல்லிக்கினே இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல தனியா உக்காந்து எலையில சாப்புட்டதையும் சொல்லுச்சு. இன்னொரு வாட்டி சோறு கேட்டு வாங்குனேன்னு சொல்லச்சொல்ல அதுக்கு சிரிப்பு வந்துடுச்சு. அத பாத்து நானும் சிரிச்சேன்.

கோர்ட்டு வேல முடியல. பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் தமிழ்ல இருக்குது, தெலுங்குல மாத்தி சீலு வெச்சி எடுத்தாங்கன்னுட்டாங்க. மறுபடியும் வரணும். அவ்ளோ தூரம் வந்து சும்மா போவுதேன்னு, "வேணாம் விஜயா, நான் இப்படியே கெடக்கிறேன், நீ அலையாத"ன்னேன்.

"அலையிறனா? எனக்கு வழி தெரிஞ்சி போச்சு. நாலு வாட்டி வரச் சொன்னாலும் வருவேன்" அப்படின்னுச்சு.

மணி அடிச்சிட்டாங்க. போவச்சொல்ல திரும்பிப் பாக்கும்னு கம்பியப் புடிச்சிக்கினு நின்னேன். பாக்கல. பைய தோள்ல மாட்டிக்கினு, கூட்டத்த வெலக்கிக்கினு, பஸ்ஸுக்கு நேரமாயிட்ட ஆளு மாரி வெடுவெடுன்னு போயிடுச்சு.

பதில் போடு.

உன் அண்ணன்
கண்ணாயிரம்